எடைமேடை நாய்

நான் வரைந்த படங்களில் ஊர் பார்த்த படம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு நாய். கால்களை மடக்கி, முகவாயைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும். மவுஸைப் பிடித்து வரைந்ததால் கை வழுக்கி, ஒரு காது கிழிந்த மாதிரி வந்துவிட்டது. அதைத் திருத்தப் போய் வாலையும் கெடுத்துக்கொண்டேன். போதும் சாமி என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த நாய் எங்கள் சாஃப்ட்வேரின் லோகோவா, இல்லை வெறும் மஸ்காட்டா என்று கும்மிடிப்பூண்டி பஜாரில், ஒரு செல்போன் கடையின் மாடியில், நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் கண்ணாடிக் கட்டிடமும் கழுத்தில் தொங்கும் அட்டையும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். எங்களுடையது இரண்டு அறை. படிக்கட்டில் கடைக்காரரின் அட்டைப் பெட்டிகளைத் தாண்டித்தான் ஏற வேண்டும். உள்ளே மூன்று பேர். முதலாளி பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிற குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் ஐஸ் பெட்டியோடு இருக்க, இவர் மட்டும் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பஜாருக்கு அவர் பாய், எங்களுக்கு சார். புரோகிராம் எழுதுகிறவர் திருப்பாச்சூர்க்காரர். என்னைவிடப் பெரியவர் என்பதால் அண்ணா என்பேன், அதே வாயால் சண்டையும் போடுவேன். மூன்றாவது ஆள் நான். திருவள்ளூரில் ஒரு சென்டரில் டிப்ளமா முடித்தவள். அண்ணா எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது, மில் மில்லாகப் போய் அதைப் போட்டுக் கொடுப்பது, ஓடாவிட்டால் போனில் திட்டு வாங்குவது, எல்லாம் என் வேலை.

நாங்கள் செய்தது எடைமேடைக்கான சாஃப்ட்வேர். சிப்காட்டில் இரும்பு உருக்கும் மில்கள் அப்போது நிறைய. பழைய இரும்பு லாரியில் வரும், கம்பியாகித் திரும்பிப் போகும். வருவதும் போவதும் எடைமேடையில் ஏறி இறங்கியாக வேண்டும். லாரி ஏறுவதற்கு முன்னால் மேடை சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும். ஒரு கல்லோ ஆளோ அதில் இருந்தால் லாரியின் எடையில் சேர்ந்துவிடும். எங்கள் முதல் மில்லில் ஒரு செவலை நாய் அந்த மேடையைத் தன் சொந்த வீடாக நினைத்துக்கொண்டிருந்தது. கேபின் நிழல் விழும் மூலையில் படுத்துத் தூங்கும். பழைய இரும்பு விலைக்கு அந்த நாயை எத்தனை முறை விற்றிருப்பார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மேடை காலியாக இல்லை என்று அண்ணா இங்கிலீஷில் ஓர் எச்சரிக்கை வைத்திருந்தார். கீழே ஓகே என்று ஒரு பட்டன். ஓகே என்று ஒன்று கீழே இருந்தால், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நம் ஊரில் எவரும் பார்ப்பதில்லை. அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். திட்டு எனக்கு வந்தது. கடுப்பில் ஒரு நாள் உட்கார்ந்து நாயை வரைந்தேன். லாரிக்குக் குறைவான எடை எது மேடையில் இருந்தாலும் திரையில் நாய் வந்து படுத்துக்கொள்ளும். ஓகே பட்டன் கிடையாது. மேடை காலியானால்தான் எழுந்து ஓரமாக நடந்து போகும். அப்புறம்தான் லாரி நம்பரை அடிக்க முடியும். அதை நடக்க வைப்பதற்குள் அண்ணாவுக்கு உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கள் சாஃப்ட்வேருக்கு நாய் சாஃப்ட்வேர் என்று பெயர். கம்பெனிக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, பத்திரத் தாள் வாங்கிப் பதிவெல்லாம் செய்த பெயர். யாரும் சொன்னதில்லை. "ஹலோ, நாய் கம்பெனியா?" என்றுதான் போன் வரும். சார் சிரிப்பார். முதலில் சிரிக்கத்தான் செய்தார்.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆந்திர எல்லைப்பக்கத்து வழக்கப்படி எங்களுக்கு அவர் நைனா. ஊரான் நிலத்தில் அறுப்புக்கும் நடவுக்கும் போய்க்கொண்டிருந்தவர். நிலங்கள் பட்டறையானதும் மில் வேலைக்கு வந்தார். அந்த முதல் மில்லின் எடைமேடை கேபினில்தான் ஹெல்பர். லாரியை நேராக ஏற்றச் சொல்லிக் கை காட்டுவார், சீட்டைக் கிழித்து டிரைவரிடம் கொடுப்பார், செவலையை விரட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் என் நோட்டைத் திறந்து பார்த்து "அழகா கீதும்மா" என்பார். கணக்கு முழுக்கத் தப்பாகி, டீச்சர் சிவப்பு மையில் சுழித்த பக்கத்தையும் அழகா கீதும்மா என்றுதான் சொன்னார்.

நான் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள் எந்த இடத்தில் என்றுதான் தெரியாது. அவர் கேபினிலேயே எங்கள் சாஃப்ட்வேர் ஓடியது. அவருக்கு அதில் தெரிந்ததெல்லாம் கட்டமும் எழுத்தும்தான். நாய் வந்த அன்று, "இது நான் போட்டது நைனா" என்றேன். குனிந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். காதைப் பார்த்தார், கெட்டுப்போன வாலைப் பார்த்தார். அழகா கீதும்மா என்று சொல்லவில்லை. விரலால் திரையில் அதன் முதுகைத் தடவினார். அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

பிறகு அவர் செய்த அலம்பல் இருக்கிறதே, சொல்லி மாளாது. ஆந்திராவிலிருந்து வருகிற டிரைவர்கள் சீட்டுக்காகக் கேபின் வாசலில் நிற்பார்கள். நைனா ஓடிப்போய் வெறும் மேடையில் ஏறி நின்றுகொள்வார். திரையில் நாய் வந்து படுக்கும். அங்கிருந்தே "மா பாப்ப வேசின குக்க!" என்று கத்துவார். எங்கள் பாப்பா போட்ட நாய் என்று அர்த்தம். கடிக்குமா என்று ஒரு டிரைவர் கேட்டதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தினமும் சாயங்காலம் நாயைப் பற்றி எனக்கே தகவல் சொல்வார். இன்றைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று. நான் சலித்துக்கொள்வது போல நடிப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வினை தேர்வாய் கண்டிகையிலிருந்து வந்தது. அங்கே புதிதாக வந்த ஒரு தொழிற்சாலை எங்கள் சாஃப்ட்வேரை வாங்கியது. திறப்பு விழா பேனரில் போட வேண்டும், உங்கள் லோகோவை உடனே அனுப்புங்கள் என்று மெயில் வந்தது. சார் ஊரில் கல்யாணத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. எங்களிடம் லோகோ என்று ஒன்று இருந்தால்தானே? லெட்டர் தாளில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். நான் நாயை அனுப்பிவைத்தேன். அது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அனுப்பச் சொன்னது கம்பெனியின் அடையாளத்தை. ஊர் எங்களை எதை வைத்து அடையாளம் கண்டதோ அதை அனுப்பினேன்.

சின்னப் படம். அதை இழுத்துப் பெரிதாக்கி, நாயைக் கட்டம் கட்டமாகப் போட்டுவிட்டார்கள். மேலே மாலை போட்ட பெரிய மனிதர்கள், கீழே சிமென்ட் கம்பெனி, கிரேன் கம்பெனி, பெயின்ட் கம்பெனி, அந்த வரிசையின் கடைசியில் காது கிழிந்த ஒரு நாய் படுத்துக் கிடந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு விழாவுக்குப் போன சாரிடம் ஒருவர், "நீங்க மாட்டு மருந்து விக்கிறவங்களா சார்?" என்று கேட்டுவிட்டாராம்.

மறுநாள் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், சரியாய்ப் போயிருக்கும். வந்து உட்கார்ந்து, "நமக்கு ஒரு லோகோ வேணும்மா" என்றார்.

"கீதே சார்."

"அது லோகோ இல்லம்மா. அது இன்னாவோ சொல்வாங்களே..."

"மஸ்காட்" என்று அண்ணா எடுத்துக் கொடுத்தார். அவருக்கு இந்த மாதிரி விஷயமென்றால் பிரியாணி சாப்பிட்ட மாதிரி. "லோகோன்றது முத்திரை. அது மாறக் கூடாது, ஆடக் கூடாது. மஸ்காட் செல்லப்பிள்ளை மாதிரி. தொப்பி போடலாம், பொங்கலுக்குக் கரும்பு கடிக்க வெக்கலாம். ஒரு பெங்குவின வெச்சிக்கினு உலகம் பூரா ஓடுதே ஒரு சாஃப்ட்வேரு, அந்த பெங்குவினும் மஸ்காட்தான்."

"அந்த சாஃப்ட்வேரோட முத்திர எப்படி இருக்கும், சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

அண்ணா யோசித்தார். அவருக்கு நினைவு வரவில்லை. "அதுக்குன்னு தனியா ஒண்ணு இருந்தா..." என்று இழுத்தார்.

"அப்ப பெங்குவின்தான் லோகோ."

சண்டை அப்படித்தான் ஆரம்பித்தது. நான் கட்சிக் கொடியையும் தேர்தல் சின்னத்தையும் இழுத்தேன். கொடி ஆயிரம் நிறத்தில் பறக்கட்டும், ஓட்டுப் போடுகிறவர் சின்னத்தைத்தானே தேடுகிறார் என்றேன். அண்ணா கோயிலுக்குப் போனார். முருகனுக்குக் கொடியில் சேவல், வாகனம் மயில். கொடியில் இருப்பது லோகோ, மயில் மஸ்காட், ரெண்டையும் மாற்ற முடியுமா என்றார். அப்படியானால் மயிலைப் பார்த்ததும் சேவலா உங்களுக்கு நினைவு வருகிறது, முருகன்தானே என்றேன். டீ கொண்டுவந்த டீக்கடைக்காரர் வேல்தான் லோகோ என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். நாள் கணக்கில் இதே பேச்சு. பேஜாரு என்று சார் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் மெட்ராஸில் ஒருவரிடம் கொடுத்து லோகோ வாங்கி வந்தார். ஒரு நீல வட்டம், அதில் சாய்ந்த மூன்று கோடு, ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளி. கோடு வளர்ச்சியாம், புள்ளி நம்பிக்கையாம். அதை வைத்து ஒரு கோலம்கூடப் போட முடியாது. ஆனால் சார் அதைப் பிரேம் போட்டு மாட்டி, தள்ளி நின்று பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. இறால் மண்டியில் தம்பிகள் அவரை எப்படியெல்லாம் ஓட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"அடுத்த வெர்ஷன்ல நாய் வேணாம்மா" என்றார். "அந்த எடத்துல லோகோ வரட்டும். மேடை காலியில்லன்னு தமிழ்லயே எழுதிடுங்க. ஆயுத பூஜைக்கு மில்லு நிக்குமில்ல, அன்னிக்குப் போயி போட்டுடலாம்."

எங்கள் நைனாவுக்குப் படிக்கத் தெரியாது சார், அந்த நாய் போனால் நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாமல் போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார் அடுத்த நிமிஷமே விட்டிருப்பார். எனக்கு வாயாடத் தெரியும், கெஞ்சத் தெரியாது. சரி சார் என்று சொல்லிவிட்டு நானே நாயை எடுத்தேன். நைனாவிடமும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறக்கிற நேரமெல்லாம் அவர் நாயைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை அன்று நைனாவின் மில் கழுவித் துடைத்து வேறு இடம் போல இருந்தது. வாழைக்கன்று, மாவிலை, வாசலில் மேளம், டிராக்டருக்கெல்லாம் மாலை. நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். அண்ணா போனதும் போகாததுமாகப் புது வெர்ஷனைப் போட்டுவிட்டார். திரையின் நடுவில் நீல வட்டம் வந்து உட்கார்ந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். சார் கை நிறையப் பொரியோடு கேபின் வாசலில் நின்று மில் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

நைனா வெள்ளை வேட்டியில் தட்டோடு வந்தார். சந்தனமும் குங்குமமும் குழைத்த விரலோடு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். எடை காட்டும் பெட்டிக்கு, பிரின்டருக்கு, கீபோர்டுக்கு, மவுஸுக்கு. பிறகு திரைக்கு முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"போய் மேடை மேல நில்லும்மா. நாயி வரட்டும். அதுக்கு வெக்கணும்."

எல்லோரும் இருந்தார்கள். போய் நின்றேன். பட்டுப் பாவாடை கட்டிய சின்னப் பிள்ளை போல அந்த இரும்பு மேடையின் நடுவில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் நைனா விரலைத் தூக்கியபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலயேமா. நல்லா நில்லு."

நன்றாக நின்றேன்.

"ஊட்ல ஒழுங்கா துன்றதேயில்ல" என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னார். "கோழிக்குஞ்சு மாரி கீது. வெயிட்டே இல்ல, அதான் வரமாட்டுது."

தட்டோடு வெளியே வந்தார். என் பக்கத்தில் ஏறி நின்றார். "சார், இப்ப வருதா பாருங்க!" என்று கேபினுக்குள் இருந்த அண்ணாவைக் கேட்டார். முருகனுக்குக் கொடி எது வாகனம் எது என்று அத்தனை பேசின அண்ணா சாரைப் பார்த்தார். சார் பொரியைப் பிடித்த கையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாய எட்த்துட்டோம் நைனா" என்றேன்.

"எட்த்துட்டீங்களா? யாரு?"

"நான்தான். கம்பெனிக்கு வேற மார்க்கு வந்துட்ச்சி. உள்ள நீலமா கீதே, அது."

"அது நீ போட்டதா?"

"இல்ல. மெட்ராஸ்ல போட்டது."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. கேபின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நீ அதுல எங்கம்மா கீற?"

சீட்டில் வருகிற தமிழ் எழுத்து நான் போட்டது என்றேன். லாரி ஏறினால் எடை சரியாக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்தது நான்தான் என்றேன். நீ தினமும் கிழித்துக் கொடுக்கிற ஒவ்வொரு சீட்டிலும் நான் இருக்கிறேன் நைனா என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என் வேலை என்னவென்று அவரிடம் நான் சொன்னதே அன்றைக்குத்தான்.

"அதெல்லாம் கண்ணுக்குத் தெரியலயேமா" என்றார்.

பிறகு, அழிந்துபோகாமல் இருக்கட்டும் என்று தூக்கியே வைத்திருந்த அந்த விரலை என் நெற்றியில் வைத்தார். ஆளுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி இல்லை. மெஷினுக்கு வைக்கிற மாதிரி, பட்டையாக, அழுத்தி வைத்தார். மேளம் அடிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் மூக்கின் மேல் குங்குமம் வழிந்தது. நான் துடைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஜார் முனையில் சார், "சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். நீங்கள் கேட்கவில்லையே சார் என்று வாயில் வந்ததை, இந்த ஒரு நாளாவது வாயாட வேண்டாம் என்று, விழுங்கிவிட்டேன். நாய் திரும்பி வந்தது. சாரின் மனசுக்காக மட்டும் வரவில்லை, மில்காரர்கள் போன் போட்டு நாய் செத்துவிட்டதா என்று உயிரை எடுத்ததற்காகவும் வந்தது. போர்டிலும் பில்லிலும் நீல வட்டம், திரையில் நாய் என்று ஒப்பந்தமானது. அது லோகோவா மஸ்காட்டா என்பதில் அண்ணாவும் நானும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கும் போனேன். நைனா சொல்வதற்கு முன்பே போய் மேடையில் ஏறி நின்றேன். உள்ளே திரையில் நாய் வந்து படுத்துவிட்டது, கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நைனா அதன் பக்கம் திரும்பவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு நேராக வெளியே வந்து என்னிடம் நின்றார்.

"நாய் வந்திட்ச்சி நைனா, அதுக்கு வையி" என்றேன்.

"அது கெடக்கட்டும்மா" என்றார். "மொதல்ல நீ குனி."